வீட்டுக்குள் இரண்டு ரூட்டர்: வாசகர் கேள்வி - பதில்

மெஷ் வைஃபை (பல கருவிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் முறை) பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சிக்கலைச் சுற்றியே வருகின்றன: இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டியும் கடையில் வாங்கிய மெஷ் செட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வீட்டு ஹாலில் ஃபைபர் கம்பெனி வைத்த வைஃபை பெட்டி இருக்கிறது. பின் அறையில் சிக்னல் இல்லை என்பதால் மூன்று கருவி கொண்ட மெஷ் செட் வாங்கி, அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் கொடுத்து மாட்டினோம். இன்டர்நெட் நன்றாக வருகிறது. ஆனால் லேப்டாப்பில் தேடினால் பிரின்டர் தெரியவில்லை. போனிலிருந்து டிவிக்குக் காஸ்ட் செய்யவும் முடியவில்லை. செட்டில் கோளாறா?
- மடிப்பாக்கம் வாசகி

செட் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது உங்கள் வீட்டில் இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. கம்பெனி பெட்டி தனக்குக் கீழே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. மெஷ் தனக்குக் கீழே இன்னொரு வரிசையைக் கொடுக்கிறது. டிபி-லிங்க் கம்பெனியின் டெக்கோ செட்டாக இருந்தால் அது பெரும்பாலும் 192.168.68 என்று இருக்கும். பிரின்டரும் டிவியும் பழைய வைஃபையிலேயே தங்கிவிட்டன, லேப்டாப்பும் போனும் மெஷ்ஷுக்கு மாறிவிட்டன. அப்பார்ட்மென்ட் கேட்டில் ஒரு வாட்ச்மேன், பிளாக் வாசலில் இன்னொரு வாட்ச்மேன் இருந்து, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். இதை ‘டபுள் நாட்’ என்பார்கள்.

உறுதி செய்துகொள்ள, மெஷ் ஆப்பில் இன்டர்நெட் விவரம் காட்டும் பக்கத்துக்குப் போய், வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் டபுள் நாட்தான். இன்னொரு அடையாளமும் உண்டு. லேப்டாப்பில் பிரின்டரின் ஐபி முகவரியை நேரடியாகத் தட்டிக் கொடுத்தால் அச்சாகும். ‘பிரின்டரைத் தேடு’ என்று கொடுத்தால் மட்டும் ஒன்றும் காட்டாது. காரணம், தேடும் அழைப்பு ஒரு ரூட்டரைத் தாண்டி அடுத்த பக்கம் போகாது.

வெறும் யூடியூப், வாட்ஸ்அப் என்று இருக்கும் வீட்டில் டபுள் நாட் இருந்தாலும் யாருக்கும் தெரியாது, அப்படியே விட்டாலும் பாதகமில்லை. பிரின்டர், காஸ்ட், சிசிடிவி, ஆன்லைன் கேம் என்று வரும்போதுதான் இடிக்கும். அப்போது இரண்டில் ஒன்று ரூட்டர் வேலையை விட்டுவிட வேண்டும். உங்களுக்குச் சுலபமான வழி, மெஷ்ஷை ‘ஆக்சஸ் பாயின்ட்’ மோடுக்கு மாற்றுவது. முகவரி கொடுக்கும் வேலையைக் கம்பெனி பெட்டி பார்த்துக்கொள்ளும். மெஷ் வைஃபை பரப்பும் வேலையை மட்டும் செய்யும்.

டெக்கோ ஆப்பில் ‘மோர்’, ‘அட்வான்ஸ்ட்’, ‘ஆபரேஷன் மோடு’ என்று போனால் இந்த மாற்றம் இருக்கும். ஈரோ மெஷ் செட்டில் இதற்கே ‘பிரிட்ஜ்’ என்று பெயர், குழம்ப வேண்டாம். கூகுள் நெஸ்ட் வைஃபை வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை மெஷ்ஷாக இணைத்திருந்தால் அதில் பிரிட்ஜ் மோடு கிடையாது. உங்களுக்கு அடுத்த கேள்வியில் சொல்லும் வழிதான்.

மோடு மாறியதும் கருவிகள் ஒருமுறை அணைந்து எழும். பிறகு கம்பெனி பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டால் அதன் பக்கம் திறக்கும். ஜியோ ஃபைபராக இருந்தால் 192.168.29.1. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தனித்தனியே அணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு, ‘இன்னும் பழைய பெயர் தெரிகிறதே’ என்று கேட்பவர்கள் நிறைய. அணைக்காமல் விட்டால், போன் பாதி நேரம் கம்பெனி பெட்டியின் பலவீனமான சிக்னலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மெஷ் கருவிகள் தங்களுக்குள் பேசி போனைக் கைமாற்றிக்கொள்ளும். வேறு கம்பெனி பெட்டியோடு அந்தப் பேச்சு கிடையாது.

ஒரு சின்ன உபாயம். பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே மெஷ்ஷுக்கு வைத்துவிடுங்கள். பிரின்டர், டிவி, பல்ப் என்று ஒவ்வொன்றாகப் போய் மறுபடி இணைக்கிற வேலை மிச்சம்.

ஆக்சஸ் பாயின்ட் மோடில் ஒரு நஷ்டம் உண்டு. பிள்ளைகளின் போனுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது போன்ற வசதிகள் பெரும்பாலான மெஷ் ஆப்களில் மறைந்துவிடும். அவை வேண்டுமென்றால், கம்பெனி பெட்டியைத்தான் ரூட்டர் வேலையிலிருந்து விலக்க வேண்டும். இன்னொன்று: கம்பெனி தொலைவிலிருந்து சாஃப்ட்வேர் புதுப்பிக்கும்போது, அணைத்து வைத்த வைஃபை மறுபடி உயிர்பெறுவது உண்டு. திடீரென்று வேகம் குறைந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கம்பெனி பெட்டியை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்கிறார்கள். கஸ்டமர் கேரில் என்னவென்று கேட்பது? எங்கள் லேண்ட்லைனும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. ஊரிலிருக்கும்போது வீட்டு சிசிடிவியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.
- பெரம்பூர் வாசகர்

பிரிட்ஜ் மோடில் கம்பெனி பெட்டி ஃபைபர் ஒளியைக் கேபிள் சிக்னலாக மாற்றுவதோடு நின்றுவிடும். லாகின் செய்வது, முகவரி கொடுப்பது எல்லாம் மெஷ்ஷின் முதன்மைக் கருவி. ஏர்டெல், பிஎஸ்என்எல் போல ‘பிபிபிஓஇ’ முறையில் லாகின் செய்யும் இணைப்புகளில் இது சாத்தியம். ஜியோ ஃபைபர் வீட்டு இணைப்பில் இந்த வழியை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ஆக்சஸ் பாயின்ட் மோடுதான் நிம்மதி.

கேட்க வேண்டியவை நான்கு. பிபிபிஓஇ பயனர் பெயர், அதன் பாஸ்வேர்டு (இது வாடிக்கையாளர் ஆப்பின் பாஸ்வேர்டு அல்ல), எந்த லேன் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) பிரிட்ஜ் கொடுக்கிறார்கள், விலான் எண்ணை (ஒரே ஃபைபரில் இன்டர்நெட், குரல் தடங்களைப் பிரித்துக் காட்டும் எண்) மெஷ்ஷில் போட வேண்டுமா அல்லது பெட்டியே பார்த்துக்கொள்ளுமா. பெரும்பாலும் பெட்டியே பார்த்துக்கொள்ளும். லேண்ட்லைன் அமைப்பைத் தொடாமல் இன்டர்நெட்டை மட்டும் பிரிட்ஜ் செய்யச் சொல்லுங்கள். குரல் தனித் தடத்தில் போவதால் போன் வழக்கம்போல அதே பெட்டியில் ஒலிக்கும்.

கம்பெனி தன் பக்கம் மாற்றியதும், பெட்டியின் அந்த லேன் போர்ட்டிலிருந்து மெஷ் முதன்மைக் கருவிக்குக் கேபிள் கொடுத்து, ஆப்பில் இணைப்பு வகையை பிபிபிஓஇ என்று தேர்ந்தெடுங்கள். ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வந்தால், அந்தப் பக்கம் சர்வர் வரை போய்விட்டீர்கள் என்று அர்த்தம். எழுத்துப் பிழையைப் பாருங்கள். ‘சர்வர் பதிலளிக்கவில்லை’ என்று வந்தால் பிரிட்ஜ் இன்னும் சரியாகப் போடப்படவில்லை, அல்லது விலான் தவறு, அல்லது போர்ட் மாறிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு: பழைய லாகின் சர்வரில் இன்னும் திறந்தே இருக்கும். ஃபைபர் பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் அது விலகிவிடும். இணைப்பு வந்தும் சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால், எம்டியு (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) மதிப்பு 1492 என்று இருக்கிறதா பாருங்கள். 1500 இருந்தால் பிபிபிஓஇ-யில் சில தளங்கள் தகராறு செய்யும்.

பெட்டியின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் மட்டும் பின்னைக் குத்தாதீர்கள். கம்பெனி போட்ட பிரிட்ஜ், விலான், லேண்ட்லைன் அமைப்பு எல்லாம் அழிந்துபோக வாய்ப்புண்டு. ஆள் வந்து போடும்வரை வீட்டில் போனும் இருக்காது.

சிசிடிவி விஷயத்தில் பிரிட்ஜ் மட்டும் போதாது. பிரிட்ஜ் போட்ட பிறகு மெஷ் ஆப்பில் தெரியும் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், கம்பெனியே உங்களைப் பல வீடுகளோடு சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. 10 என்று தொடங்கினாலும் அதே கதை. அப்படியென்றால் ரூட்டர் அமைப்பில் எத்தனை ‘போர்ட்’டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. மாத வாடகைக்கு நிலையான ஐபி வாங்கலாம். நம் கருத்தைக் கேட்டால், அந்தப் பணம் வேண்டாம்: க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து ஆப்பில் சேர்க்கும் வகை டிவிஆர், கேமராக்கள் உள்ளிருந்து வெளியே தாங்களாகவே இணைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றன. அவற்றுக்குப் பொது முகவரியும் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். உங்கள் தேவை அது ஒன்றுதான் என்றால், இருப்பதை மாற்றாமல் விடுவதே மேல்.

கீழ்தளத்தில் 300 எம்பிபிஎஸ் வருகிறது. மாடியில் மெஷ்ஷின் இரண்டாவது கருவியை வைத்தும் 40-ஐத் தாண்டவில்லை. இன்னொரு கருவி வாங்கலாமா?
- நங்கநல்லூர் வாசகர்

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மாடிக் கருவியிலிருந்து ஓரடி தள்ளி நின்று போனில் வேகம் பாருங்கள். அங்கேயே 40 என்றால், கீழுக்கும் மேலுக்கும் இடையிலான இணைப்பு பலவீனம். மூன்றாவது கருவி வாங்கி மாடியில் வைத்தாலும் அதே 40-ஐத்தான் பங்குபோடும். அங்கே 150 வந்து, படுக்கையறையில்தான் 40 என்றால், பரப்பளவு போதவில்லை. அப்போதுதான் இன்னொரு கருவிக்கு அர்த்தம் உண்டு.

நங்கநல்லூர் தனி வீடுகளில் பெரும்பாலும் முதல் வகைதான். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும். போதாக்குறைக்கு, இரண்டு பேண்டு (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) மட்டுமுள்ள மெஷ் செட்டில் மாடிக் கருவி கீழிருந்து வாங்குவதும் உங்கள் போனுக்குக் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில். ஆகவே ஒரு தாவலுக்கே வேகம் பாதியாகும். இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாக வைத்தால் கால்வாசி.

செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். சிக்னல் இல்லாத அறையில் மெஷ் கருவியை வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு; கருவிக்கே சிக்னல் இல்லாத இடத்தில் அது யாருக்கு என்ன கொடுக்கும்? மாடிப்படிதான் வீட்டில் கான்கிரீட் இல்லாத திறப்பு. கீழ்க் கருவி படிக்கட்டின் அடியைப் பார்த்தபடியும், மேல் கருவி படி முடியும் இடத்திலும் இருக்கட்டும். டிவிக்குப் பின்னால், பரணில், ஃபிரிட்ஜ் மேல், பீரோ பக்கத்தில் வேண்டாம். சிக்னலின் அளவை ஆப்பிலோ போனிலோ எண்ணாகப் பார்க்க முடிந்தால், மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்லது (மைனஸ் 60, மைனஸ் 55) வர வேண்டும். மைனஸ் 75 என்றால் அந்த இடம் உதவாது.

உண்மையான தீர்வு கேபிள். விலை கூடிய மூன்று பேண்டு செட் வாங்குவதற்குப் பதில், இருக்கும் செட்டுக்கே 15 மீட்டர் கேட் 6 கேபிள் இழுத்தால் மாடியிலும் கிட்டத்தட்ட கீழே வரும் வேகம் வரும். கிகாபிட் வேகத்துக்கு 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும். எந்தத் தனி வீட்டுக்கும் அது தாராளம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள் வாங்கும்போது ‘முழு காப்பரா’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ஒரு கம்பியின் மேலுறையை உரித்து, பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் சரி. வெள்ளி போல வெளுத்தால், அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசியது. முதல் நாள் வேலை செய்யும். நாளாக நாளாக முனையில் முறியும்.

ஜன்னல் வழியாக வெளிச்சுவரில் ஏற்றுவதானால், சாம்பல் நிறச் சாதாரணக் கேபிள் நம்மூர் வெயிலில் வெடித்துப்போகும். வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள் வாங்குங்கள், அல்லது பிவிசி பைப்புக்குள் விடுங்கள். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். கேபிளும் துளைக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கி ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வரும். கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க எலெக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், விடாதீர்கள்.

பிளக் மாட்டுவதைக் கேபிள் இழுத்த பிறகு செய்ய வேண்டும். பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையும் இதே வரிசை. பச்சை ஜோடிக்கு நடுவே நீல ஜோடி உட்காருவதுதான் இதில் கைதவறும் இடம். பச்சையையும் பச்சையையும் பக்கத்தில் வைத்துவிட்டால் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஜோடி பிரிந்துபோனதால் வேகம் மட்டும் வராது.

புது அப்பார்ட்மென்ட்டில் எல்லா அறைக்கும் லேன் வயர் இருக்கிறது. வாசலருகே உள்ள பெட்டியில் ஃபைபர் கருவி, அதிலேயே எல்லா வயரும். ஹாலில் முதன்மை மெஷ், அறைகளில் மற்றவை. கேபிளில் இணைத்ததும் சில கருவிகளில் சிவப்பு விளக்கு, சில நேரம் மொத்த நெட்டும் உறைந்துவிடுகிறது.
- படூர் வாசகர்

மெஷ் ரூட்டர் மோடில் இருந்தால், மற்ற கருவிகள் முதன்மைக் கருவிக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஃபைபர் பெட்டி, அதிலிருந்து முதன்மைக் கருவி, அதன் லேன் போர்ட்டிலிருந்து ஸ்விட்ச் (ஒரு லேன் வயரைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஸ்விட்ச்சிலிருந்து அறைகள். உங்கள் வீட்டில் அறைக் கருவிகள் நேராக ஃபைபர் பெட்டியில் செருகப்பட்டிருக்கின்றன. அவை முதன்மைக் கருவியை வயர் வழியாகப் பார்க்க முடியாமல் தடுமாறுகின்றன.

புது அடுக்ககங்களில் ஹாலுக்கு ஒரே ஒரு லேன் வயர்தான் விட்டிருப்பார்கள். அங்கே போன சிக்னல் வாசல் பெட்டிக்குத் திரும்பிவர இரண்டாவது வயர் இருக்காது. இரண்டு வயர் இருந்தால் மேலே சொன்ன வரிசையில் கொடுங்கள். ஒன்றுதான் என்றால் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாறுங்கள். அதில் எல்லாக் கருவியையும் நேராக ஃபைபர் பெட்டியிலோ ஸ்விட்ச்சிலோ செருகலாம். முதன்மைக் கருவியையே அந்த வாசல் பெட்டிக்குள் வைக்கிற யோசனை வேண்டாம், இரும்புக் கதவு வைஃபையை முழுக்க அடைத்துவிடும்.

உறைந்துபோவது வேறு நோய். எங்கோ ஒரு வயர் வளையமாகிவிட்டது: ஒரு கருவிக்கோ ஸ்விட்ச்சுக்கோ இரண்டு வழியில் கேபிள் போகிறது. உறையும் நேரத்தில் பெட்டியைத் திறந்து பாருங்கள். போர்ட் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அதேதான். எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகி, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். எந்த வயரில் படபடப்பு தொடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. டிவிக்குப் பின்னால் யாரோ வைத்த குட்டி ஸ்விட்ச்சில் முடியும், பாருங்கள்.

500 எம்பிபிஎஸ் திட்டம். கேபிளில் பார்த்தாலும் 94-க்கு மேல் போவதே இல்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா?
- திருவல்லிக்கேணி வாசகர்

94 என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் அதிகபட்சம் கிடைப்பது அவ்வளவுதான். பல ஃபைபர் பெட்டிகளில் ஒரு லேன் போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. ‘ஜிஇ’ என்றோ ‘1ஜி’ என்றோ எழுதியிருக்கும் போர்ட்டில் மெஷ்ஷைச் செருகுங்கள். அங்கேயும் 94 என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்: கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், நீல அல்லது பிரவுன் ஜோடியில் ஒன்று விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஸ்மார்ட் டிவியில் சோதித்துப் பார்க்காதீர்கள். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100-தான். அதில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இன்னும் வேகமாக வரும்.

மெஷ் போட்ட பிறகு ஸ்மார்ட் பல்பும் வாஷிங் மெஷினும் இணைய மறுக்கின்றன.
- விருகம்பாக்கம் வாசகி

இரண்டுமே பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்தவை. மெஷ்ஷில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றுங்கள். பழைய சிப்புகளுக்கு 3 புரியாது. ‘ஃபாஸ்ட் ரோமிங்’ இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். ஆப்பில் ‘ஐஓடி நெட்வொர்க்’ வசதி இருந்தால் 2.4 மட்டும் வைத்து ஒரு பெயர் உருவாக்கி, இணைக்கும் நேரத்துக்குப் போனையும் அதிலேயே வையுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள், சில பல்புகள் உங்கள் போனின் பேச்சையே கேட்காமல் போய்விடும்.

கரன்ட் போனாலும் நெட் வேண்டும். ஃபைபர் பெட்டிக்கும் மெஷ்ஷுக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் போதுமா?
- குரோம்பேட்டை வாசகர்

இரண்டு அடாப்டரின் மேலும் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டும் 12 வோல்ட் என்றால், ஆம்பியரைக் கூட்டி, அதற்குக் குறையாத மினி யுபிஎஸ் வாங்குங்கள்: 1 ஆம்பியரும் 1.5 ஆம்பியரும் என்றால் 2.5, அல்லது ஆளுக்கொன்றாக இரண்டு. யூஎஸ்பி-சி வழியாகவோ வேறு வோல்ட்டிலோ ஓடும் மெஷ்ஷுக்கு இந்த யுபிஎஸ் பொருந்தாது. ஊசி பிளக் 2.1 மில்லிமீட்டரா 2.5-ஆ என்பதையும் பாருங்கள். தளர்வாக உட்கார்ந்தால் அடிக்கடி அணைந்து எழும், பழியைக் கம்பெனி மேல் போடுவோம்.

எவ்வளவு நேரம் என்பதற்குக் கடைக்காரர் வாக்கை விடக் கணக்கு மேல். பெட்டியில் 7800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கில். பெருக்கினால் சுமார் 29 வாட்-மணி. மாற்றும்போது வீணாவது போக 24-25 நிற்கும். ஃபைபர் பெட்டியும் ஒரு மெஷ் கருவியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம். அறைகளில் உள்ள மற்ற மெஷ் கருவிகள் அணைந்திருக்கும் என்பதால், கரன்ட் இல்லாதபோது முதன்மைக் கருவி இருக்கும் அறைக்கு வந்துவிட வேண்டும்.

யுபிஎஸ் வாங்குமுன் ஒன்று பாருங்கள். வீடுவரை ஃபைபரே வந்தால், தெருவில் ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரன்ட் தேவையில்லை. கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் ஓடும்வரை உங்களுக்கு நெட் வரும். லோக்கல் கேபிள்காரர் மொட்டைமாடி ஸ்விட்ச்சிலிருந்து லேன் வயர் கொடுத்திருந்தால், அந்த ஸ்விட்ச்சுக்கு பேட்டரி இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.